சிப்பிக்கு ஒரு பதிவேடு இருந்தது

போன விடுமுறைக்குச் சிலாபம் வந்திருந்த நேரம், மச்சான் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஊருக்கு வெளியே ஒரு தேங்காய்த்துருவல் ஆலையில் அவனுக்கு வேலை. கணக்கு எழுதத்தான் எடுத்தார்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பனி ஏதோ சான்றிதழ் கேட்டதாம், அதனால் 'சேஃப்டி'யும் இவன் தலையில் விழுந்திருக்கு. எக்செல் தாள் ஒன்றைத் திறந்து காட்டினான். மேலே பெரிய எழுத்தில் 'ரிஸ்க் ரெஜிஸ்டர்'.

"நீ கம்பஸ்ல ஆர்ட்ஸ்தானே மச்சான். இதைத் தமிழாக்கித் தா. வேலை செய்றவங்களுக்கு வாசிச்சா விளங்கணுமாம்."

நான் படிப்பது வரலாறு, மொழிபெயர்ப்பு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், தாள் எளிமையானதுதான். ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆபத்து: ஈரத் தரை, கொதிகலன், உலர்த்தியின் சூடு, சிரட்டை கழற்றுகிற கைக்கோடரி. அதற்கு நேரே, யாருக்குத் தீங்கு வரலாம் என்று ஒரு கட்டம். வருவதற்கான வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஓர் எண், வந்தால் எவ்வளவு மோசம் என்பதற்கு இன்னோர் எண். இரண்டையும் பெருக்கினால் 25க்குள் ஒரு புள்ளி. கூடினால் சிவப்பு, நடுவில் மஞ்சள், குறைந்தால் பச்சை. பிறகு, இப்போது என்ன தடுப்பு இருக்கு, இன்னும் என்ன செய்யணும், யார் பொறுப்பு, எப்போது திரும்பப் பார்ப்பது. அவ்வளவுதான்.

முதல் தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். 'ஹசார்ட்' என்பதற்கும் 'ரிஸ்க்' என்பதற்கும் எங்கள் வாயில் இருப்பது ஒரே சொல், ஆபத்து. தாளில் அவை இரண்டும் வேறு. ஈரத் தரை ஆபத்து. அதில் சறுக்கி ஒருவருக்குக் கை முறிய எவ்வளவு வாய்ப்பு, முறிந்தால் எவ்வளவு நட்டம் என்று கணக்குப் பார்ப்பது மற்றது. கடைசியில் முதலாவதுக்கு ஆபத்து, இரண்டாவதுக்கு இடர் என்று போட்டேன். தாளின் பெயர் இடர்ப் பதிவேடு ஆயிற்று.

எழுதி முடித்துப் பார்க்கும்போது ஒன்று உறுத்தியது. தேங்காய்த்துருவல் ஆலையில், சிரட்டை கழற்றிய தேங்காயின் மண்ணிறத் தோலைக் கத்தியால் சீவுவது பெரும்பாலும் பெண்கள். எங்கள் வீட்டுப் பக்கத்து அக்காவும் அந்த வேலைக்குப் போனவர்தான். அவருடைய இடதுகை விரல்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் தாளில் கத்தி இல்லை.

"அக்காமார்ட கை வெட்டுப்படுறது எங்கடா?"

"அது ஒவ்வொரு நாளும் நடக்கிறதுதானே. அதைப் போய் யார் எழுதுறது?"

ஒவ்வொரு நாளும் நடப்பதால் எழுதப்படாத ஆபத்து. அந்த நாட்களில் நான் ஒரு பாடத்துக்காக மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். மச்சான் சொன்ன பதிலை அந்தப் புத்தகங்களுக்குள் திரும்பத் திரும்பக் கண்டேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ஒரு சின்னச் சுற்று. ஆபத்தைக் கட்டம் போட்டு எழுதும் பழக்கம் தொழிற்சாலைக்குள் பிறந்தது இல்லை. அதற்கு ஒரு பழைய வேர் கடலில் இருக்கு. 1760இல் லண்டனில், எட்வர்ட் லொயிட்டின் பெயர் தாங்கிய காப்பிக் கடையைச் சுற்றியிருந்த வணிகர்களும் காப்புறுதிக்காரர்களும் சேர்ந்து கப்பல்களைத் தரம் பிரிக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். 1764இல் அவர்களுடைய பதிவேடு அச்சில் வந்தது. கப்பலின் உடலுக்கு ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று ஐந்து தரம். பாய், கயிறு, நங்கூரத்துக்கு நல்லது, நடுத்தரம், கூடாது என்று மூன்று. எந்தக் கப்பல் மூழ்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்துக் காப்புறுதிக் கட்டணம் சொல்வதற்காக எழுதப்பட்டது அது. கப்பலுக்குள் இருந்த மாலுமிக்கு அதில் கட்டம் இல்லை. அளவுக்கு மிஞ்சிச் சரக்கேற்றிய பழைய கப்பல் மூழ்கினாலும் முதலாளிக்குக் காப்புறுதிப் பணம் வரும், மாலுமியின் வீட்டுக்கு ஒன்றும் வராது. சாமுவேல் பிளிம்சோல் என்ற பாராளுமன்ற உறுப்பினர் இதை எதிர்த்துக் கத்திக் கத்தியே 1876இல் கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு போடும் சட்டம் வந்தது.

இனி எங்கள் ஊர்.

சிலாபம் என்ற பெயரே தொழிலின் பெயர்தான் என்று ஒரு விளக்கம் இருக்கு. தமிழில் 'சலாபம்' என்றால் முத்துக்குளிப்பு. அதுதான் திரிந்து ஊர்ப்பெயர் ஆனது என்று பிரித்தானியர் கால அகராதியான ஹொப்சன் ஜொப்சன் எழுதுகிறது. சிங்களத்தில் ஹலாவத்த. முத்துக்குளிப்பு என்றவுடன் எல்லோரும் மன்னாரைத்தான் நினைப்பார்கள். ஆனால் சிலாபத்துக்கு எதிரேயும் சிப்பிப் பார்கள் உண்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கேயும் குளிப்பு நடந்திருக்கு. இன்றைக்கு முன்னேஸ்வரத்துக்கு வருகிறவர்களும் நண்டு வாங்க வருகிறவர்களும் இந்தப் பெயருக்குள் ஒரு தொழில் கிடப்பதைக் கவனிப்பதில்லை. நானும் இங்கே பிறந்து வளர்ந்து, பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்த்தான் அதை அறிந்தேன். கொஞ்சம் வெட்கம்தான்.

பெரிய குளிப்புகள் நடந்தது வடக்கே, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டிப் பக்கம். பிரித்தானிய ஆளுநர் ஃபிரெடெரிக் நோர்த், குளிப்பைப் பார்வையிட வரும்போது தங்குவதற்காகவே அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். ஊர்மக்கள் அல்லிராணிக் கோட்டை என்று சொல்கிற அந்த இடிபாட்டைக் கடல் இன்றைக்கும் தின்றுகொண்டிருக்கு. வெறும் மணலாகக் கிடக்கும் கரையில் குளிப்புக் காலத்தில் பல்லாயிரம் பேருக்கு ஒரு நகரம் முளைக்கும். ஓலைக் கொட்டில், கடை, நீதிமன்று, சிறை, ஆஸ்பத்திரி எல்லாம் வரும். சில வாரங்களில் எல்லாம் மறைந்துபோகும்.

வேலை நடந்த விதம் இப்படி. இரவு பீரங்கி முழங்கும். கரைக்காற்றில் படகுகள் பாய் விரித்துப் போய், விடியும்போது பாரில் நிற்கும். ஒரு படகில் வழக்கமாகப் பத்துக் குளியாளிகள், ஐந்து கல். இரண்டு பேருக்கு ஒரு கல் என்று மாறி மாறி இறங்குவார்கள். கால்விரலால் கல்லின் கயிற்றைப் பற்றி, கையால் மூக்கைப் பொத்தி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இறக்கம். (ஒரு பாகம் ஆறடி.) அரபு நாட்டுக் குளியாளிகள் மூக்குக்குக் கொம்புக் கவ்வி போடுவார்கள், நம்மவருக்குக் கைதான். அடியில் ஒரு நிமிடம், கொஞ்சம் கூடக் குறைய. அதற்குள் சிப்பியை வாரிக் கூடையில் போட்டு, கயிற்றை இழுத்தால், மேலே இருப்பவர் தூக்குவார். மதியம் கடற்காற்று மாறும்வரை இதே வேலை. ஒருவர் ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை இறங்குவார் என்று 1803இல் புத்தகம் எழுதிய கப்டன் ரொபட் பெர்சிவல் சொல்கிறார். மேலே வரும்போது வாயிலும் மூக்கிலும் காதிலும் தண்ணீர் வரும், சில வேளை இரத்தமும் வரும் என்றும், ஆனாலும் முறை வந்ததும் மறுபடி இறங்கிவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

இரத்தம் ஏன் வருகிறது என்று இன்று சொல்வது எளிது. பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒருமுறை இன்னொரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. பத்து மீற்றரில் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும், இருபதில் மூன்றில் ஒன்று. காதுச் சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமப்படாவிட்டால் சவ்வு கிழியும். மச்சானின் தாளில் எழுதினால், வாய்ப்பு 5. ஆனால் அந்தக் காலத்து அதிகாரியும் மச்சானைப் போலத்தான் நினைத்திருக்க வேண்டும். அது ஒவ்வொரு நாளும் நடக்கிறதுதானே.

அந்த அரசாங்கத்துக்குப் பதிவேடு எழுதத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். முத்துப் பார்களுக்கென்றே ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். பார்களுக்குப் போய், சிப்பியின் வயது, நெருக்கம், அளவு பார்த்து, சில ஆயிரம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து, அழுகவைத்து, கழுவி, கிடைத்த முத்துக்கு விலை போட்டு, குளிப்பு நடத்தலாமா கூடாதா என்று சொல்வது அவருடைய வேலை. அதற்கு மேலே, 1902இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மனைக் கூப்பிட்டார்கள். அவரும் ஜேம்ஸ் ஹோர்னெலும் பார்களை ஆராய்ந்தார்கள். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக அறிக்கை வந்தது. நூலகத்தில் அந்தத் தடித்த புத்தகங்களைப் புரட்டும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அது ஒரு முழுமையான இடர்ப் பதிவேடு. காற்றுக் காலத்தில் அடித்துவரும் மணல் மூடிவிடும். நட்சத்திர மீன் தின்னும். ஓட்டைத் துளைக்கும் கடற்பஞ்சு இருக்கு. திருக்கையும் கிளாத்தியும் கடித்து நொறுக்கும். ஒரே இடத்தில் நெருங்கினால் இளஞ்சிப்பி மூச்சுமுட்டிச் சாகும். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பாரில் எவ்வளவு பாதிப்பு, என்ன செய்யலாம், எப்போது திரும்பிப் பார்க்கணும், எல்லாம் இருக்கு. திருக்கையைப் பற்றி ஒரு வேடிக்கை. முத்து உண்டாவதற்குக் காரணம் ஒரு வகை நாடாப்புழுவின் இளநிலை என்று ஹேர்ட்மன் நம்பினார். அந்தப் புழு வளர்ந்து முடிவது சிப்பியைத் தின்னும் திருக்கைக்குள். ஆகவே திருக்கை பகைவனும் ஆகிறது, தேவையானதும் ஆகிறது. ஓர் ஆபத்தை முழுக்க அழித்தால் தொழிலே போகலாம் என்று அவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள், சிப்பியைப் பற்றி.

குளியாளியைப் பற்றி அந்தத் தரத்தில் ஒரு பட்டியலை நான் காணவில்லை. காரணம் கொடுமை என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது. கணக்கைப் பாருங்கள். ஆரம்பத்தில் குளியாளிக்கு எடுத்த சிப்பியில் நாலில் ஒரு பங்கு, பிற்காலத்தில் மூன்றில் ஒன்று, மீதி அரசாங்கத்துக்கு. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கும் அதிகமான சிப்பி வந்தது. குளியாளிக்குச் சம்பளம் கிடையாது, பங்கு மட்டும். காது போனால் அவர் அடுத்த ஆண்டு வரமாட்டார், அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வருவார். அரசாங்கத்துக்கு அது நட்டம் இல்லை. மணல் மூடினால்தான் நட்டம். யாருக்கு எது நட்டமோ அதைத்தான் அவர் எழுதுவார்.

அப்படியானால் குளியாளியின் ஆபத்தை யார் பார்த்தது? இரண்டு பேர். ஒருவர் கயிறு பிடிப்பவர். கீழே இருப்பவரின் உயிர் முழுக்க அந்தக் கையில். முத்தும் சங்கும் குளிக்கிற ஊர்களில் ஒரு பேச்சு உண்டு: குளிக்கிறவருக்குக் கயிறு பிடிக்க மனைவியின் சகோதரனைத்தான் வைப்பார்கள், ஏனென்றால் தன் தங்கை தாலி அறுப்பதை அவன் விரும்பமாட்டான். எல்லாப் படகிலும் இப்படித்தான் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மச்சானின் தாளில் 'யார் பொறுப்பு' என்ற கட்டத்துக்கு இதைவிடத் தெளிவாகச் சிந்தித்த பதிலை நான் வேறெங்கும் வாசிக்கவில்லை. தவறினால் தனக்கும் இழப்பு வரக்கூடிய ஆளின் கையில் கயிறு.

மற்றவர் கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். வெள்ளைக்காரர் எழுதிய எல்லாப் புத்தகத்திலும் இவரைக் கேலி செய்யும் ஒரு பக்கம் இருக்கு. காலையிலிருந்து படகுகள் திரும்பும்வரை கரையில் நின்று, உடம்பை முறுக்கி, மந்திரம் முணுமுணுப்பார். அந்த நேரம் உண்ணக் குடிக்கக் கூடாது, ஆனால் சிலர் கள்ளு குடித்து நிற்க முடியாமல் போவதும் உண்டு என்கிறார் பெர்சிவல். சிலர் படகிலேயே போவதாகச் சொல்லி முத்தைத் திருடுவதாகவும் எழுதுகிறார். இவ்வளவு கேலி செய்தும் அரசாங்கம் இவர்களை விலக்கவில்லை. கடல்கட்டி இல்லாமல் குளியாளி இறங்கமாட்டார், அதுதான் காரணம். பங்கு கொடுத்து வைத்துக்கொண்டார்கள். எமர்சன் டெனன்ட் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதும்போது, பரம்பரையாக இந்தத் தொழிலைச் செய்த குடும்பத்தின் அப்போதைய தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று குறிப்பிடுகிறார். எங்கள் கரையில் பிறந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

உண்மையில் சுறாவால் வந்த சாவுகள் மிகக் குறைவு. பல ஆண்டுகள் பார்களுக்குப் பொறுப்பாக இருந்த ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அத்தனை படகும் அத்தனை ஆரவாரமும் சேர்ந்து சுறாவை விரட்டியிருக்கலாம். ஆக வாய்ப்பு 1, பாதிப்பு 5. ஒவ்வொரு நாளும் கிழியும் காதுக்கு மந்திரவாதி இல்லை, எப்போதாவது வரும் சுறாவுக்கு இருந்தார். மனிதருக்குப் பயம் எண்ணைப் பார்த்து வருவதில்லை. நானும் மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல் போய்க்கொண்டே மின்னலுக்குப் பயப்படுகிறவன்தான்.

இதில் எனக்கு மிகப் பிடித்த ஆவணம் ஹென்றி லெ பெக் என்பவர் எழுதியது. 1797ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரலில் நடந்த குளிப்பை நேரில் பார்த்து எழுதி, கல்கத்தாவின் 'ஏசியாட்டிக் ரிசேர்ச்சஸ்' தொகுதியில் வெளியானது. அதில் இரண்டு சம்பவங்கள்.

முதலாவது. முன்னொரு தடவை ஒரு குளியாளியின் காலைச் சுறா கொண்டுபோய்விட்டது. தலைமைக் கடல்கட்டியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். மலையாளக் கரையிலிருந்து ஒரு கிழவி வந்து, பொறாமையால் எதிர்மந்திரம் செய்துவிட்டாள், எனக்குத் தெரியவந்தபோது நேரம் போய்விட்டது என்றாராம் அவர். பிறகு சுறாக்கள் வாயே திறக்க முடியாதபடி கட்டிக் காட்டினாராம். லெ பெக் இதைச் சிரிப்புக்காக எழுதியிருக்கலாம். நான் வாசித்தது வேறு மாதிரி. விபத்து நடந்ததும் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவர் காரணம் சொல்லியிருக்கிறார். தடுப்பு மேம்பட்டதாக அறிவித்திருக்கிறார். விபத்து விசாரணை அறிக்கை என்று இன்று நிரப்பப்படும் பல தாள்களில் அந்தக் கிழவி வேறு பெயரில் வருகிறாள். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்பது அவளுடைய இன்றைய பெயர்களில் ஒன்று.

இரண்டாவது. சுறாவைக் கண்டால் குளியாளி சைகை கொடுக்கணும், கண்டதும் படகுகள் எல்லாம் கரைக்குத் திரும்பணும், அதுதான் ஒழுங்கு. நல்ல ஒழுங்கு, எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் ஒத்துக்கொள்வார். ஒரு நாள் ஒருவர் கடலடியில் ஒரு கூரான சிப்பியை மிதித்துவிட்டார். காலில் காயம், தண்ணீரில் இரத்தம். சுறாதான் கடித்தது என்று நினைத்து சைகை கொடுத்தார். பல படகுகள் திரும்பின. சுறா இல்லை என்று தெரிந்ததும் அந்த ஆளுக்குத் தண்டனை கொடுத்தார்கள்.

என்ன தண்டனை என்று அதில் இல்லை. அந்த ஆளின் பெயரும் இல்லை. பெயர் தெரியாத அவரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். படகுகள் திரும்பினால் அரை நாள் சிப்பி போயிற்று, அரசாங்கத்துக்கும் குத்தகைக்காரருக்கும் நட்டம். அடுத்த நாள் காலில் ஏதோ உரசினால் அவர் என்ன செய்திருப்பார்? பக்கத்துப் படகில் இருந்தவர் என்ன செய்திருப்பார்? கடலுக்குள் ஒரு விநாடி யோசித்திருப்பார்கள், இது உண்மையா பொய்யா என்று. அந்த ஒரு விநாடி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

குளிப்பு நகரத்தில் மனிதர்களுக்காக அரசாங்கம் உண்மையாகவே கவலைப்பட்ட ஒரு விடயம் இருந்தது, கொலரா. அழுகும் சிப்பி மலை, ஈ, ஒரே குடிதண்ணீர், பல ஊர்ச் சனம். அதற்கு வைத்தியர் வந்தார், ஆஸ்பத்திரி வந்தது, தண்ணீருக்குக் காவல் வந்தது. கொலரா என்ற செய்தி பரவினால் ஒரே இரவில் சனம் ஓடி, குளிப்பே நின்றுவிடும். கொலராவால் அரசாங்கத்துக்கும் நட்டம்.

1906இல் மறிச்சுக்கட்டிக் குளிப்பில் வேலை பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப், பிறகு வேர்ஜினியா வுல்ஃபை மணந்தவர். தன் சுயசரிதையான 'க்ரோவிங்' நூலில், கடலில் இறந்துபோன ஓர் அரபுக் குளியாளியின் உடலைத் தோழர்கள் கரைக்குக் கொண்டுவந்த காட்சியை எழுதியிருக்கிறார். அவரோடு படகில் இருந்தவர்களின் துக்கமும் நிதானமும் வுல்ஃபை வாழ்நாள் முழுக்க விடவில்லை போல. 1921இல் வெளிவந்த சிறுகதை ஒன்றிலும் அந்தச் சாவு வருகிறது. ஒரு குளியாளியின் மரணம் இவ்வளவு விரிவாகப் பதிவானது இலக்கியத்தில், அதுவும் அந்த இரவில் அங்கே நின்ற அதிகாரிக்கு எழுத வந்ததால்.

அதே 1906இல் அரசாங்கம் பார்களை ஒரு லண்டன் கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. 1907க்குப் பிறகு பெரிய குளிப்பு கிடைக்காமல் கம்பனி கலைந்தது. ஐந்து பாக அறிக்கையாலும் சிப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. 1925ஆம் ஆண்டுக் குளிப்போடு எல்லாம் ஓய்ந்தது.

அதற்குப் பிறகு நாட்டில் புதிய தொழிலாளர் சட்டங்கள் வந்தன. 1934இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், 1942இல் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒரு பொதுப் பதிவேடு இருக்கணும், விபத்து நடந்தால் அதில் எழுதணும், பாரதூரமானதைத் தொழிற்சாலைப் பரிசோதகருக்கு அறிவிக்கணும் என்றது அது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது கை போன பிறகு எழுதும் பதிவேடு. நடக்குமுன்னே பட்டியல் போடும் பழக்கத்துக்குப் பிரித்தானியாவிலேயே 1974ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்வந்த விதிகளும் தேவைப்பட்டன. இங்கே தொழில்சார் பாதுகாப்புக்கென்று ஒரு தேசிய நிறுவகம் அமைத்த சட்டம் 2009இல் வந்தது. இதில் கடல் எங்கே என்று தேடினால் கஷ்டம். தொழிற்சாலைச் சட்டம் கட்டடத்தை வைத்துப் பேசுகிறது. படகில் போகிறவர் சம்பளத்துக்குப் போகவில்லை, பங்குக்குப் போகிறார், 1797இல் போனது போலவே.

புத்தளம் மாவட்டக் கரையில் இன்றும் குளிக்கிறார்கள். முத்துக்கு இல்லை, சங்குக்கும் கடலட்டைக்கும். கல்லும் கயிறும் போய், காற்றுச் சிலிண்டர் வந்திருக்கு. பார்த்தால் பாதுகாப்பு கூடினது போல இருக்கும். மூச்சடக்கி இறங்கியவருக்குக் காதும் நெஞ்சும்தான் ஆபத்து. சிலிண்டர் காற்றைச் சுவாசித்து நீண்ட நேரம் கீழே இருப்பவருக்கு இன்னொன்று சேருகிறது. அழுத்தத்தில் நைதரசன் இரத்தத்தில் கரைந்து, வேகமாக மேலே வந்தால் சோடாப் போத்தலைத் திறந்தது போலக் குமிழியாகும். மூட்டு வலி, கால் விறைப்பு, சில வேளை இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போவது. போல் பேர்ட் 1878இலேயே இதற்குக் காரணம் கண்டார். எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு நேரம், எங்கெங்கே நின்று நின்று ஏறணும் என்று ஹோல்டேன் 1908இல் அட்டவணை போட்டார். தடுப்பு என்ற கட்டத்துக்கு விடை நூறு வருசத்துக்கு மேலாக இருக்கு. ஆனால் பங்குக்குப் போகிறவருக்கு இன்னொரு சிலிண்டர் என்றால் இன்னும் கொஞ்சம் அட்டை. விறைத்துப்போனவரை மறுபடி அழுத்தத்தில் வைத்து மெல்ல இறக்கும் அறை கடற்படையிடம் திருகோணமலையில் இருக்கு. கற்பிட்டியிலிருந்து அது தீவின் மறுகரை.

கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த, முன்பு சங்குக்குப் போன மாமா ஒருவரிடம் இதைக் கேட்டேன். "கால் விறைக்கும் மகன், பிறகு சரியாகும். எல்லாருக்கும் வாறதுதான்" என்றார். எழும்பும்போது ஒரு கையைப் படகின் விளிம்பில் ஊன்றிக்கொண்டார்.

விடுமுறை முடிவதற்கு முந்திய நாள் மச்சானோடு ஆலை வாசலுக்குப் போனேன். உள்ளே விடமாட்டார்கள். வேலை விட்டு வந்த அக்காமார் மூன்று பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள். தமிழாக்கிய தாளை வாசித்துக் காட்டினோம். ஈரத் தரைக்குத் தலையாட்டினார்கள், கொதிகலனுக்கும்தான். கத்தியைப் பற்றிக் கேட்டதும் ஒருவர் மற்றவரைப் பார்த்தார்கள். "எழுதினா பெயர் போகுமா தம்பி?" என்று ஒரு அக்கா கேட்டார். போகாது என்று மச்சான் சொன்னான், கொஞ்சம் தயங்கித்தான். பிறகு அவர்கள் சொல்லச் சொல்ல இரண்டு வரி சேர்ந்தது. ஒன்று, மொட்டைக் கத்தி. கூர் தீட்டுகிறவர் வராத நாட்களில் அழுத்திச் சீவுவதால்தான் வழுக்கி வெட்டுகிறதாம், கூரான கத்தி அவ்வளவு வெட்டாதாம். மற்றது, தேங்காய்க்கு இத்தனை என்று எண்ணிச் சம்பளம் என்பதால் காயத்துக்குத் துணி சுற்ற எழும்பிப் போவதில்லை.

வாய்ப்பு என்ற கட்டத்தில் இரண்டுக்கும் 5 போட்டோம். பொறுப்பு என்ற கட்டத்தில் மச்சான் தன் பெயரைப் போட்டிருக்கிறான். தாள் கொழும்புக்குப் போயிருக்கு. இதை எழுதும்வரை பதில் வரவில்லை.